கொசஸ்தலை ஆற்றங்கரைக் கற்கருவிகள்: 15 லட்சம் ஆண்டு என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கேள்வி இதுதான்: திருவள்ளூர் மாவட்டம் பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுப் பழமையான கற்கருவிகள் கிடைத்ததாகப் படித்தேன். கல் எல்லாமே பழையதுதானே, இந்தக் கல்லுக்கு மட்டும் எப்படி வயது சொல்கிறார்கள்? ஆற்றில் உருண்டு வந்து தானாக உடைந்த கல்லாக ஏன் இருக்கக்கூடாது? அப்போது அங்கே வாழ்ந்தது நம் முன்னோர்களா?

முதல் கேள்வியைச் சரியான இடத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரி ஒன்றை எடுத்து அந்தக் கல்லுக்கு என்ன வயது என்று கேட்டால் விடை 15 லட்சம் வராது, நூறு கோடி ஆண்டுக்கு மேல் வரும். அது குவார்ட்சைட் என்ற கெட்டிப்பாறை. மணற்கல் பூமிக்குள் வெந்து இறுகினால் அப்படி ஆகும். ஆந்திர எல்லையில் தெரிகிற நகரி மலைத்தொடர் அந்தப் பாறையால் ஆனது. அந்த மலைகள் தேய்ந்து கொட்டிய கூழாங்கற்கள், டைனோசர்கள் இருந்த கிரெட்டேசியஸ் காலத்தில், ஒன்றோடொன்று ஒட்டிப் புதுப் பாறையாயின. சத்தியவேடு, பூண்டிக்கு மேற்கே உள்ள அள்ளிக்குழிக் குன்றுகள், குடியம் குகைகள் இங்கெல்லாம் பாறைச்சுவரில் தேங்காய் அளவுக்குக்கூட உருண்டைக் கற்கள் பதிந்திருப்பதைப் பார்க்கலாம். அந்தப் பாறையும் மழையில் கரைந்து உதிர்ந்தபோது கூழாங்கற்கள் மறுபடி வெளியே வந்து சரிவிலும் ஓடையிலும் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்து யாரோ உடைத்துக் கருவியாக்கினார்கள். ஆகவே அந்தக் கல்லுக்குள் மலையின் வயது, குன்றின் வயது, உடைத்தவர் கைபட்ட காலம் என்று பல கணக்குகள் உண்டு. நமக்கு வேண்டியது கடைசிக் கணக்கு மட்டும். அதைக் கல் தனியாகச் சொல்லாது, அது கிடந்த மண்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் படுகையின் ஆராய்ச்சி வரலாறு முழுவதும் அந்த மண்ணைச் சரியாகவோ தவறாகவோ படித்த வரலாறுதான். அதைத் தொடங்கி வைத்தவர் ஒரு நிலவியலாளர் என்பதில் வியப்பில்லை.

ராபர்ட் புரூஸ் ஃபூட் 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். சென்னை மாகாணத்தின் பாறைகளை வரைபடமாக்குவது அவர் வேலை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், சரளை வெட்டிய குழி ஒன்றின் மண்ணில், செதுக்கிய கல் ஒன்றைக் கண்டார். வேறு யாராவது என்றால் தாண்டிப் போயிருப்பார்கள். நாலு வருடம் முன்புதான், 1859இல், பிரான்சின் சோம் ஆற்றுப் படுகைச் சரளையில் கிடைத்த கற்கோடரிகள் அழிந்துபோன விலங்குகளின் காலத்தவை என்பதை பிரெஸ்ட்விச், ஈவான்ஸ் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் நேரில் பார்த்து உறுதி செய்திருந்தார்கள். அதுவரை அவற்றைத் தேடிச் சேர்த்துவைத்த புஷே தெ பெர்த் என்பவரைப் பலர் நம்பவில்லை. அந்தச் செய்தியை அறிந்திருந்த ஃபூட்டின் கண் சரளை மண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அதையும் தேடியது. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, சக அலுவலர் வில்லியம் கிங்குடன் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் போனபோது அத்திரம்பாக்கம் அகப்பட்டது. பல்லாவரத்தில் ஒரு கல் என்றால் இங்கே ஓடைக் கரை முழுக்கக் கருவி.

ஃபூட் செய்த நல்ல காரியம், கல்லை எடுத்துப் பெட்டியில் போட்டதோடு நிற்காமல் எந்த அடுக்கில், எந்த மண்ணில் கிடந்தது என்று எழுதிவைத்தது. 1866இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை மண்ணைப் பற்றியும் நிறையப் பேசுகிறது. ஆனால் கருவி கிடந்த, இரும்பேறிச் சிவந்த செம்புரை மண் கடலடியில் படிந்தது என்று நினைத்துவிட்டார். கருவி செய்தவர்கள் பழைய கடற்கரையோரம் வாழ்ந்தவர்கள் என்ற முடிவும் அதோடு வந்தது. இன்று அது நிற்கவில்லை. இருந்தாலும் தவறை நாம் கண்டுபிடிக்க முடிந்ததே அவர் அடுக்கைப் பதிவு செய்திருந்ததால்தான். அவர் நாடு முழுக்கச் சேகரித்ததைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் வாங்கிக்கொண்டது. 1912இல் காலமானார். ஏற்காட்டில் அவருக்குக் கல்லறை இருக்கிறது.

அடுத்த கட்டம் 1930கள். டி டெரா, பேட்டர்சன் என்ற இருவர் காஷ்மீர்ப் பனியாறுகளின் காலக்கணக்கை வைத்துக்கொண்டு இந்தியா முழுவதுக்கும் ஒரு சட்டகம் போட முயன்றார்கள். அவர்கள் பார்வையில் கொசஸ்தலை ஆற்றின் இரு பக்கமும் மண்படிகள் இருந்தன. உயரமான படி பழையது, தாழ்ந்தது புதியது. வி. டி. கிருஷ்ணசுவாமி இந்த வழியில் பூண்டி, வடமதுரை, அத்திரம்பாக்கம் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினார். பாடப்புத்தகத்தில் வரும் ‘மதராஸ் கைக்கோடரிப் பண்பாடு’ என்ற பெயர் அந்தக் காலத்தில் நிலைபெற்றது. சட்டகம் அழகாகத்தான் இருந்தது. பனியே விழாத ஊரின் ஆற்றுக்கு இமயத்துப் பனிக்காலத்தை வைத்து வயது சொன்னதில்தான் எனக்கு எப்போதும் உடன்பாடில்லை. பின்னால் வந்த ஆய்வாளர்களும் இந்தப் படிகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1960களில் இந்தியத் தொல்லியல் துறையின் கே. டி. பானர்ஜி அத்திரம்பாக்கத்திலும் குடியத்திலும் அகழ்ந்தார். அத்திரம்பாக்கத்தில் மேலே செம்மண்ணும் சரளையும், அதற்குக் கீழே பல மீட்டருக்குக் களிமண்ணும் வரும். அந்தக் களிமண் ஆவடி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கிடைக்கிற களிப்பாறையே மட்கி இளகியது என்றுதான் முன்பு ஆய்வு செய்தவர்கள் கருதினார்கள். அப்படி நினைத்ததற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஸ்ரீபெரும்புதூர்க் களிப்பாறை தாவரப் புதைபடிவங்களுக்குப் பேர்போனது. டைலோஃபில்லம் என்ற, இன்றைய சைக்கஸ் செடியின் ஓலைபோலத் தெரியும் அழிந்துபோன செடியின் இலைகள் அதில் அச்சுப் போட்டாற்போல் கிடைக்கும். கடல்வாழ் உயிரிகளின் படிவங்களும் கிடைக்கும். வயது பத்து கோடி ஆண்டுக்கும் மேல். அதற்குள் மனிதக் கருவி இருக்க வழியே இல்லை. எனவே களிமண்ணோடு சேர்ந்து கருவி வந்தாலும் அது மேலிருந்து வெடிப்பு வழியாக இறங்கியது, இல்லையேல் களிமண்ணின் மேற்பரப்பில் கிடந்தது என்று தோன்றிவிடும். கீழே தோண்டிப் பார்க்கக் காரணமே இல்லாமல் போயிற்று.

1999இல் சென்னையின் ஷர்மா மரபுக் கல்வி மையத்தைச் சேர்ந்த சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழு மறுபடி அகழத் தொடங்கியபோது இந்தக் களிமண்ணைத்தான் சந்தேகத்தோடு பார்த்தார்கள். பல மீட்டர் ஆழத்துக்கு இறங்கினார்கள். களிமண் மட்டும் ஏறத்தாழ நாலு மீட்டர் கனம். உள்ளே கருவிகள் வந்துகொண்டே இருந்தன. அடுக்கடுக்காய்ப் படிந்திருந்த விதத்தைப் பார்த்தால், வெள்ளம் வரும்போதெல்லாம் ஆறு கரை தாண்டிப் பரப்பிவிட்டுப் போன வண்டல் அது. பத்து கோடி ஆண்டுப் பாறை அதற்கும் அடியில் தனியாக இருக்கிறது. நூறாண்டுக்கு மேலாக எல்லோர் காலடியிலும் இருந்த மண்ணை மறுபடி படித்ததுதான் அந்தக் குழுவின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்பேன். வயதுக் கணிப்பு அதற்குப் பிறகு வந்ததுதான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. ஆற்றில் உருண்டு வந்த கல்லாக ஏன் இருக்கக்கூடாது? களிமண் படிய வேண்டுமானால் தண்ணீர் கிட்டத்தட்ட நிற்க வேண்டும். அவ்வளவு மெதுவான நீர் ஒரு கிலோ எடைக் கல்லை நகர்த்தாது. கல்லை உருட்டும் வேகம் இருந்தால் களிமண் அங்கே தங்காது, அடித்துக்கொண்டு போய்விடும். சாதாரணக் கூழாங்கல்லே அரிதாக இருக்கும் களிமண்ணுக்குள் செதுக்கிய பெரிய கற்கள் கிடந்தால், அவற்றை யாரோ கையில் எடுத்து வந்து போட்டிருக்கிறார்கள். குன்றுப் பக்கம் கல்லை உடைத்து, பெரிய செதில்களாக்கி, வெள்ளச் சமவெளிக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள்.

உடைந்த கல்லிலும் கை தெரியும். இயற்கையில் உடையும் கல் எங்கு பலவீனமோ அங்கு உடையும். ஒன்றிரண்டு இடத்தில் பிளந்திருக்கும், விளிம்பெல்லாம் மழுங்கியிருக்கும். கைக்கோடரியைக் கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். உள்ளங்கையை நிறைக்கும் பாதாம்பருப்பு வடிவம். இரண்டு முகத்திலும் சிப்பி போன்ற குழிகள், ஒவ்வொன்றும் ஒரு தட்டில் ஒரு செதில் கழன்ற தழும்பு. தழும்புகள் எல்லாம் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் போகும். இரு முகத் தழும்புகளும் சந்திக்கும் இடத்தில் விளிம்பு நெளிந்து நெளிந்து ஓடும். ஒரு தட்டு இந்தப் பக்கம், கல்லைத் திருப்பி அடுத்த தட்டு அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி அடித்ததால் வந்த நெளிவு அது. கழன்ற செதிலிலும் அடி விழுந்த இடத்துக்குக் கீழே சின்னப் புடைப்பு ஒன்று இருக்கும். விரலால் தடவினால் தெரியும். ஒரு கல்லில் தற்செயலாக ஒன்றிரண்டு தழும்பு விழலாம். இருபது தழும்பு சீராக விழுந்து, அதே வடிவத்தில் நூற்றுக்கணக்கான கற்கள் ஒரே அடுக்கில் கிடந்தால் அது தற்செயல் இல்லை.

இனி வயது. இரண்டு தனித்தனி வழியில் பார்த்தார்கள்.

ஒன்று காந்தம். பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது வடக்கு தெற்காகத் தலைகீழாகிவிடும். கடைசியாகப் புரண்டது ஏறத்தாழ 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். வண்டல் படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய காந்தத் திசையில் திரும்பி அப்படியே உறைந்துவிடும். அத்திரம்பாக்கத்துக் களிமண்ணிலும் அதன் கீழடுக்குகளிலும் திசை தலைகீழாக இருந்தது. ஆக 7.8 லட்சத்துக்கு முந்தையது. அதற்கும் முன்னால், 10.7 லட்சத்திலிருந்து 9.9 லட்சம் வரை, புலம் கொஞ்ச காலம் இன்றைய திசைக்குத் திரும்பியிருந்தது. அந்தத் திருப்பம் மண்ணில் எங்கும் இல்லை. ஆகவே 10.7 லட்சத்துக்கும் முந்தையது என்று கணித்தார்கள்.

இன்னொன்று விண்கதிர். குவார்ட்சைட்டில் நிறைந்திருப்பது குவார்ட்ஸ் என்ற தாது. வெட்டவெளியில் கிடக்கும் குவார்ட்ஸ் கல்லில் விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் மோதி அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரு கதிரியக்க அணுக்களை உண்டாக்கும். கிட்டத்தட்ட ஏழுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அவை சேரும். கல் ஆழமாகப் புதைந்ததும் புது அணு உண்டாவது நின்றுவிடும், இருப்பது மட்டும் சிதையும். அலுமினியம் ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டில் பாதியாகும், பெரிலியத்துக்கு அதுபோல இரண்டு மடங்கு காலம் ஆகும். எனவே விகிதம் குறையக் குறையப் புதைந்து எத்தனை காலம் என்று கணக்குப் போடலாம். ஆறு கருவிகளில் அளந்ததில் சராசரி 15.1 லட்சம் ஆண்டு, 70 ஆயிரம் கூடக் குறைய. 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் இது வெளியானது. இந்தக் கணக்குக்கும் பலவீனம் உண்டு. அதே கல் அதற்கு முன்பும் ஒருமுறை மண்ணில் புதைந்து கிடந்திருந்தால் வயது கூடுதலாகக் காட்டும். அதனால்தான் ஒரு கல்லை மட்டும் நம்பாமல் பல கற்களைப் பார்த்தார்கள், காந்தக் கணக்கோடு ஒத்துப் போகிறதா என்றும் பார்த்தார்கள். செய்திகளில் ‘15 லட்சம்’ மட்டும் வரும். நான் எழுதினால் ‘குறைந்தது 10 லட்சத்துக்கு மேல், பெரும்பாலும் 15 லட்சம்’ என்று எழுதுவேன்.

அந்த மண்ணில் விலங்குத் தடயமும் உண்டு. பற்கள் சில: எருமை அல்லது மாட்டினம் ஒன்று, குதிரையினம் ஒன்று, நீலான் போன்றது ஒன்று. ஈர மண்ணில் பதிந்து இறுகிய 17 காலடிச் சுவடுகளும் கிடைத்தன. சில வட்டம், சில குளம்பு வடிவம். இன்று வேலிக்காத்தான் மண்டிக்கிடக்கும் அந்த இடம் அன்று புல்வெளியும் ஈரமுமாக இருந்திருக்க வேண்டும். தென்னாட்டு மண்ணில் எலும்பு நிற்பது அரிது. பத்துக்கும் குறைவான பல்லை வைத்துக்கொண்டு மொத்தக் காட்டையும் வரைந்துவிடக் கூடாதுதான். ஆனால் அதுவரை இந்தப் படுகையில் கருவி மட்டுமே இருந்தது, அதன் பக்கத்தில் மேய்ந்த உயிர் எதுவும் இல்லை.

மேலடுக்குகளின் கதை 2018இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அது இன்னும் அதிக விவாதத்தைக் கிளப்பியது. மண் துகள் கடைசியாக வெயில் பட்டுப் புதைந்தது எப்போது என்று சொல்லும் ஒளிர்வு முறையில், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து கணித்தார்கள். ஏறத்தாழ 3.85 லட்சம் ஆண்டுக்கு முன்பே பெரிய கைக்கோடரிகள் குறைந்து, சின்னச் சின்னக் கருவிகள் வரத் தொடங்கிவிட்டன. 1.72 லட்சம் ஆண்டு வரை அது தொடர்கிறது. இப்படி 7,200க்கும் மேற்பட்ட கற்களை ஆராய்ந்தார்கள். கல்லை முதலிலேயே சுற்றிலும் செதுக்கித் தயார் செய்து, கடைசியில் ஒரே தட்டில் வேண்டிய வடிவச் செதிலைக் கழற்றுவது இந்தக் காலத்தின் உத்தி. லெவலாய்ஸ் என்பார்கள். எந்தச் செதில் வேண்டும் என்று நாலைந்து தட்டுக்கு முன்பே மனத்தில் இருக்க வேண்டும். இந்த உத்தியை நவீன மனிதர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி ஒன்றேகால் லட்சம் ஆண்டுக்குள்தான் இங்கே கொண்டுவந்தார்கள் என்பது பலரின் எண்ணமாக இருந்தது. அத்திரம்பாக்கம் அதோடு பொருந்தவில்லை. அதை வைத்துக்கொண்டு ‘மனிதன் இந்தியாவில்தான் தோன்றினான்’ என்று எழுதியவர்களும் உண்டு. கட்டுரை அப்படி எதுவும் சொல்லவில்லை. உத்தி பரவியதும் மக்கள் பரவியதும் ஒன்றாக நடந்திருக்க வேண்டியதில்லை என்பதே அதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை, வயது சுமார் 3 லட்சம் ஆண்டு. எனவே 15 லட்சம் ஆண்டுக்கு முன் கொசஸ்தலைக் கரையில் உட்கார்ந்து கல் உடைத்தவர்கள் நாம் அல்ல. ஹோமோ எரெக்டஸ் என்ற முந்தைய இனமாக இருக்கலாம், அந்தக் காலத்தில் ஆசியாவில் பரவியிருந்தது அதுதான். ஆனால் அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு கிடைக்கவில்லை. இந்தியாவில் கிடைத்த பழைய மண்டையோடு நர்மதைக் கரை ஹத்னோராவில் 1982இல் அருண் சொனாகியா கண்டெடுத்தது. அது இதைவிட மிகவும் பிந்தியது, அது எந்த இனம் என்பதிலேயே ஒருமித்த கருத்து இல்லை. ‘15 லட்சம் ஆண்டுக்கு முந்தைய தமிழன்’ என்று காணொளித் தலைப்பு போடுபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மொழிக்கும் இனப்பெயருக்கும் அந்தக் காலத்தில் வேலையே இல்லை. தமிழின் பழமைக்கு இதே படுகையில் வேறு சான்று இருக்கிறது. பட்டரைபெரும்புதூரில் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்காலக் கருவிகளும், அவற்றுக்குப் பல்லாயிரம் ஆண்டு பிந்திய இரும்புக்காலப் பொருள்களும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், சுடுமண் உறைகிணறும் கிடைத்தன. தமிழர் என்ற பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.

ஒரு செய்தியை விட்டுவிட்டேன். இந்த ஆற்றின் தடமே இப்போது இருப்பதுபோல் எப்போதும் இருந்ததில்லை. பாலாறு ஒரு காலத்தில் காவேரிப்பாக்கம் பக்கத்திலிருந்து கொசஸ்தலையின் வழியே வடகிழக்கே ஓடி எண்ணூர்ப் பக்கம் கடலில் விழுந்தது என்பது நிலவியலாளர்களிடையே நீண்ட நாளாக உள்ள கருத்து. இன்று மழைக்காலம் தவிர மணலாகக் கிடக்கும் ஆறு இவ்வளவு அகலமான வண்டலை எப்படிப் பரப்பியது என்று யோசிக்கும்போது அது நினைவில் இருக்கட்டும்.

போய்ப் பார்க்க ஆசை என்றால் முதலில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், பிறகு பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகிலுள்ள தொல்பழங்கால அருங்காட்சியகத்துக்கு. இரண்டையும் பார்த்துவிட்டுப் போனால்தான் களத்தில் கண்ணுக்கு ஏதாவது தெரியும். குடியம் குகைக்குக் காட்டு வழியே நடக்க வேண்டும், வெயிலுக்கு முன் கிளம்புங்கள். அத்திரம்பாக்கம் பாதுகாக்கப்பட்ட இடம். அங்கிருந்து ஒரு செதிலைக்கூட எடுக்கக் கூடாது.

சுற்றுவட்டாரத்தில் வேறெங்காவது, சவுடு மண்ணோ கிராவலோ அள்ளிய பள்ளத்தின் ஓரத்தில், தழும்புள்ள கல் கண்ணில் பட்டால் இருந்த இடத்திலேயே வைத்துப் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவோ நாணயமோ வையுங்கள், அளவு தெரியும். பள்ளத்தின் சுவரையும் மேலிருந்து கீழ்வரை ஒரு படம் எடுங்கள், கல் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். கைபேசியில் இடக்குறியீட்டைக் குறித்துக்கொண்டு மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். லாரி வருவதற்குள் அனுப்பினால் நல்லது.